கெடு முடிந்தது நவம்பரில், அப்பா விழுந்தது மார்ச்சில்

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் பாமணி ஆற்றுப் பாசனத்தில் எங்கள் கிராமம். எங்கள் அனுபவத்தில் இருக்கும் மூன்று மா (ஏறத்தாழ ஒரு ஏக்கர்) நஞ்சையைக் கேட்டு அப்பாவின் பெரியப்பா மகன் முன்சீப் கோர்ட்டில் வழக்கு போட்டார். 2023 அக்டோபர் 10-ம் தேதி, நிலத்தை அவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று தீர்ப்பானது. எங்கள் வக்கீல் அப்பாவிடம் கையெழுத்தும் பணமும் வாங்கிக்கொண்டு, "அப்பீல் போட்டாச்சு, நம்பர் ஆகும்" என்றார். 2024 மார்ச்சில் அப்பாவுக்குப் பக்கவாதம். இருபது நாள் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இருந்தார், அன்றிலிருந்து படுக்கைதான். இந்த 2025 ஜனவரியில், தீர்ப்பை நிறைவேற்றி நிலத்தை எடுத்துத் தரக் கேட்கும் நிறைவேற்று மனு நோட்டீஸ் வந்தது. போய் விசாரித்தால் அப்பீலே போடவில்லை. வக்கீலிடம் சண்டை போட்டுக் கேஸ் கட்டை வாங்கி வந்துவிட்டேன். தீர்ப்பு நகலின் பின்பக்கத்தில், நகலுக்கு மனு போட்டது அக்டோபர் 16, நகல் தயாரானது அக்டோபர் 30 என்று இருக்கிறது. ஒன்றரை வருடம் ஆகப்போகிறதே, இனி அப்பீல் போட முடியுமா? தெரிந்தவர் ஒருவர், 2023 நவம்பரிலிருந்தே அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று மெடிக்கல் சர்டிபிகேட் வாங்கித் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறார். அப்பாவுக்குப் பேச்சு குழறும், காதும் நினைவும் நன்றாக இருக்கின்றன. அப்பீல் போடாத விஷயம் அவருக்கு இன்னும் தெரியாது. செலவுக் கணக்கை நோட்டில் எழுதி எழுதி வைத்தவர், கேட்டால் உடைந்துவிடுவார். சொல்லலாமா?

பதில்:

அம்மா, முதலில் அந்த மெடிக்கல் சர்டிபிகேட்டை முடித்துவிடுவோம். வாங்காதீர்கள். வாங்கித் தருகிறேன் என்பவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். டெல்டாவில் எந்தக் கோர்ட் வாசல் டீக்கடையில் நின்றாலும் இந்த யோசனையைச் சொல்ல இரண்டு பேர் இருப்பார்கள். அதனால் கெட்டுப்போன கேஸ்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

நான் ஜூனியர் வக்கீலாக இருந்தபோது எங்கள் ஆபீசுக்கு ஒரு விவசாயி வந்தார். அப்பீல் போட எட்டு மாதத் தாமதம், அதை மன்னிக்கக் கோரி மனு. மஞ்சள் காமாலை, ஊரைவிட்டு வெளியே போகவில்லை, நாட்டு வைத்தியம் என்று பிரமாணப் பத்திரம் (அஃபிடவிட்) தயாரானது. எழுதிக் கொடுத்தது நான்தான். எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் ஒரே ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். அந்த எட்டு மாதத்துக்கு நடுவில், குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு அவரே கையெழுத்துப் போட்டு வாங்கிய ரசீது. நாற்பத்திரண்டு மூட்டை. "மஞ்சள் காமாலையோடு மூட்டை தூக்கினீர்களா?" என்று கேட்டார். கோர்ட்டில் சிரிப்பு. மனு தள்ளுபடி. அவர் நிஜமாகவே பதினைந்து நாள் காமாலையில் கிடந்தவர். அந்தப் பதினைந்தை எட்டு மாதமாக இழுத்ததில் உண்மையான பதினைந்து நாளும் பொய்யாகிவிட்டது. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

உங்கள் எதிர்த்தரப்பு யாரோ வெளியூர்க்காரர் இல்லை, பங்காளி. அடுத்த வரப்பு. 2023 நவம்பரில் உங்கள் அப்பா எந்த வயலில் களை எடுக்க ஆள் விட்டார், யார் கல்யாணத்தில் மொய் எழுதினார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கோர்ட்டில் பொய்ப் பத்திரம் தாக்கல் செய்வது தனிக் குற்றம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது கணக்கு. நீங்கள் ஒன்றரை வருடம் என்று பயப்படுகிறீர்கள். அவ்வளவு இல்லை. முன்சீப் கோர்ட் தீர்ப்பை எதிர்த்து சப் கோர்ட்டில் மேல்முறையீடு செய்ய 30 நாள். 1963-ம் வருடத்துக் காலவரையறைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. தீர்ப்புச் சொன்ன நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அப்படிப் பார்த்தால் 2023 நவம்பர் 9-ம் தேதி கெடு. ஆனால் நகல் வாங்கப் பிடித்த நாட்களையும் கழிக்கலாம். அக்டோபர் 16 முதல் 30 வரை 15 நாள். ஆக, கெடு நவம்பர் 24, வெள்ளிக்கிழமை. நீங்கள் வருகிற 2025 பிப்ரவரி 10-ம் தேதி திங்கள்கிழமை தாக்கல் செய்தால் தாமதம் 444 நாள்.

நகலின் பின்பக்கத்தை இன்னொரு தடவை உற்றுப் பாருங்கள். மனு போட்ட தேதிக்கும் தயாரான தேதிக்கும் நடுவில், ஸ்டாம்ப் கேட்ட தேதி, ஸ்டாம்ப் கட்டிய தேதி என்று சின்ன எழுத்தில் இருக்கும். கேட்ட அன்றோ அடுத்த நாளோ கட்டியிருந்தால் தொல்லை இல்லை. வக்கீல் ஆபீசில் நாலு நாள் கழித்துக் கட்டியிருந்தால் அந்த நாலு நாளைக் கழிக்க முடியாது, கெடுவும் அத்தனை நாள் முன்னே வந்துவிடும். நகல் தயாரான பிறகு வாங்காமல் கிடந்த நாட்களும் அப்படித்தான். மனுவில் 444 என்று எழுதி, கோர்ட் அலுவலகம் 448 என்று கண்டுபிடித்தால் கட்டு திரும்பி வரும், அதைச் சரிசெய்து மறுபடி கொடுப்பதற்குள் இன்னும் பத்து நாள் போகும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு, அந்தச் சட்டத்தின் 5-வது பிரிவின்கீழ் போடுவது. "போதுமான காரணம்" இருந்தால் கோர்ட் மன்னிக்கலாம். எத்தனை நாள் வரை என்று பிரிவில் எல்லை கிடையாது. 1998-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பாலகிருஷ்ணன் வழக்கு நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போனதுதான். 883 நாள் தாமதம், அங்கேயும் வக்கீலை நம்பிக் கெட்ட கட்சிக்காரர். எத்தனை நாள் என்பது முக்கியமில்லை, சொல்கிற காரணம் ஏற்கும்படி இருக்கிறதா என்பதுதான் அளவுகோல் என்று சொல்லி, 883 நாளையும் மன்னித்தார்கள். பத்து நாள் தாமதம் தள்ளுபடியானதும் உண்டு. ஆகவே 444 என்ற எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம்.

மலைக்க வேண்டிய இடம் வேறு. உங்கள் கடிதத்தைப் படித்தபோது என் கண்ணில் பட்டது அதுதான். கெடு முடிந்தது 2023 நவம்பரில். அப்பா விழுந்தது 2024 மார்ச்சில். கெடு முடிந்த நாளிலிருந்து தாக்கல் செய்யும் நாள் வரைக்கும் காரணம் சொல்லியாக வேண்டும் என்பது 1961-லிருந்தே உச்ச நீதிமன்றம் சொல்லிவரும் விதி. அப்பாவின் பக்கவாதம் எவ்வளவு உண்மையாக இருந்தாலும், நவம்பர் 24 முதல் மார்ச் வரை அது பதில் சொல்லாது. உங்களுக்குத் தெரிந்தவருக்கும் இந்த ஓட்டை கண்ணில் பட்டிருக்கிறது. அதைப் பொய்யால் அடைக்கப் பார்க்கிறார், அவ்வளவுதான். அடைக்க உங்களிடம் உண்மையே இருக்கிறது: அப்பீல் போட்டாயிற்று என்று வக்கீல் சொன்னார், அப்பா நம்பினார்.

ஆனால் இதை ஒற்றை வரியில் எழுதினால் எடுபடாது. கட்சிக்காரர் வக்கீலின் தவறுக்குப் பலியாகக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1981-லேயே சொன்னது. அதே நீதிமன்றம் 2024-ல், எல்லாப் பழியையும் வக்கீல் தலையில் போட்டுவிட்டுக் கட்சிக்காரர் கைகட்டி நிற்க முடியாது, தன் கேஸ் என்ன ஆயிற்று என்று அவரும் விசாரித்திருக்க வேண்டும் என்று கண்டித்தது. இரண்டும் நடப்பில் இருக்கும் தீர்ப்புகள். நீதிபதி எந்தப் பக்கம் சாய்வார் என்பது உங்கள் பத்திரத்தில் தேதி இருக்கிறதா, இல்லையா என்பதைப் பொறுத்தது. "வக்கீலின் கவனக்குறைவால் தாமதமானது" என்ற வாசகத்தை நீதிபதி ஒரு நாளைக்கு நாலு முறை படிக்கிறார். "2023 அக்டோபர் இந்தத் தேதியில் மேல்முறையீட்டுக்கான வக்காலத்தில் கையெழுத்திட்டேன், இவ்வளவு பணம் கொடுத்தேன், டிசம்பரில் ஒரு முறையும் பொங்கல் கழித்து ஒரு முறையும் நேரில் போய்க் கேட்டேன், நம்பர் ஆகவில்லை என்று சொன்னார்" என்பது வேறு. இதைப் படிக்கிறவருக்கு அந்த மனிதர் பஸ் ஏறிப் போய் வந்தது தெரியும்.

அப்புறம், "நம்பர் ஆகும்" என்று வக்கீல் சொன்னதை அப்பா நம்பியதில் ஆச்சரியமே இல்லை. மேல்முறையீடு தாக்கலானதும் உடனே எண் கிடைக்காது. அலுவலகத்தில் சரிபார்ப்பார்கள், குறை இருந்தால் திருப்புவார்கள், மாதக்கணக்கில் ஆவதும் உண்டு. இதையும் பத்திரத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

மார்ச்சுக்குப் பிறகான காலத்துக்கு ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி, அடுத்தடுத்து காட்டிய ஓபி சீட்டுகள், பிசியோதெரபிக்குப் போன தேதிகள் எல்லாம் வேண்டும். கிடைத்ததை எல்லாம் அடுக்குங்கள். ஒரு கேள்விக்குத் தயாராக இருங்கள்: "அப்பா படுத்துவிட்டார், சரி. மகள் ஏன் பத்து மாதம் கோர்ட் பக்கம் போகவில்லை?" உண்மையைத்தான் சொல்ல வேண்டும். அப்பீல் நடக்கிறது என்று நீங்களும் நம்பினீர்கள், படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்ள நீங்கள் ஒருவர்தான், அண்ணன் வெளிநாட்டில். கஜா புயலில் ஒரு கட்சிக்காரருக்கு இப்படித்தான் ஆயிற்று. 2018 நவம்பர் 16-ம் தேதி புயல், தென்னந்தோப்பு முழுக்கச் சாய்ந்தது, வீட்டுக் கூரை போயிற்று. யாரும் மறுக்க முடியாத காரணம். அவர் அப்பீலுக்கு வந்ததோ அடுத்த வருடம் ஜூலையில். "புயல் நவம்பரில் அடித்தது. கரண்ட் வந்தது எப்போது?" என்று நீதிபதி கேட்டார். காரணம் எவ்வளவு பெரியதானாலும் அது முடிந்த நாளிலிருந்து தாக்கல் நாள் வரைக்கும் தனியாகக் கணக்குக் கேட்பார்கள். ஒவ்வொரு நாளுக்கும் விளக்கம் என்றால் நிமிடத்துக்கு நிமிடம் என்று பொருளில்லை, நடைமுறை அறிவோடு பார்க்க வேண்டும் என்று 1987-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பது ஆறுதல்தான். ஆனால் மாதங்களை விட்டுத் தாண்ட முடியாது.

அதனால் உங்களுக்கு மிக ஆபத்தான காலம் போன வருடம் இல்லை, இந்த மூன்று வாரம். நோட்டீஸ் கைக்கு வந்த நாளிலிருந்து விஷயம் உங்களுக்குத் தெரியும். இனி ஓடும் ஒவ்வொரு நாளுக்கும் வக்கீலையும் சொல்ல முடியாது, பக்கவாதத்தையும் சொல்ல முடியாது. அண்ணன் சித்திரையில் வருகிறார், வந்ததும் பேசிக்கொள்ளலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். கையெழுத்துப் போட வேண்டியவர் அண்ணன் இல்லை.

யார் போட வேண்டும் என்றால் அப்பாதான். நினைவு தெளிவாக இருப்பவர் என்பதால் அவர் பெயரிலேயே பிரமாணப் பத்திரம். கை வராவிட்டால் இடது கைப் பெருவிரல் ரேகை போதும். புது வக்கீல் வீட்டுக்கு வந்து முழுவதையும் படித்துக் காட்டி, அப்பா புரிந்துகொண்டு ஒப்புக்கொண்டதாகக் கீழே சான்று எழுத வேண்டும். ஜனவரியில் நோட்டீஸ் வந்ததும் விசாரித்ததும் கட்டு வாங்கியதும் நீங்கள்தானே, அதற்கு உங்கள் பெயரில் தனியாக ஒரு துணைப் பத்திரம். மனு விசாரணையில் சாட்சிக் கூண்டு ஏற வேண்டி வந்தால் ஏறப்போவதும் நீங்கள்தான்.

பத்திரத்தில் பாட்டனார் காலத்துப் பாகப்பிரிவினை, வரப்பு நகர்ந்த கதை எதையும் கொண்டுவராதீர்கள். ஆதங்கம் புரிகிறது. ஆனால் தாமத மனுவில் கோர்ட் பார்ப்பது ஏன் தாமதம் என்பதை. நிலம் யாருடையது என்பதை மேல்முறையீட்டில் பேசிக்கொள்ளலாம். கொரோனா கால விலக்கு உண்டு என்று யாராவது சொன்னால் அதையும் காதில் வாங்காதீர்கள். உச்ச நீதிமன்றம் கழித்துக் கொடுத்தது 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரை. உங்கள் தீர்ப்பு அதற்கு வெகு பிந்தியது.

வெளியே சாட்சி என்ன இருக்கிறது என்று தேடுங்கள். வக்கீலுக்குப் பணம் ஜிபே மூலம் போயிருந்தால் அந்த வரி, வாட்ஸ்அப்பில் "போட்டாச்சு" என்று ஒரு குரல் பதிவு, குமாஸ்தாவுக்குப் போன கால் பட்டியல். பழைய வக்கீலே நடந்ததை எழுதிக் கொடுத்தால் சிலாக்கியம். பெரும்பாலும் கொடுக்க மாட்டார்கள், நானாக இருந்தாலும் தயங்குவேன். கொடுக்காததற்காக இப்போது அவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். அவர்மேல் பார் கவுன்சிலில் புகார் செய்ய உங்களுக்கு உரிமை உண்டு, அதைப் பிறகு யோசிக்கலாம். முன்பு சொன்ன 883 நாள் கட்சிக்காரர் நுகர்வோர் மன்றத்துக்கும் போய் வக்கீலிடம் இழப்பீடு வாங்க உத்தரவு பெற்றிருந்தார். இன்று அந்த வழி கிடையாது. வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது.

அடுத்து நிறைவேற்று மனு. இங்கே பலரும் தப்புக் கணக்கு போடுகிறார்கள். தாமத மனுவைப் போட்டுவிட்டால், நிலத்தை எடுக்க வரும் கோர்ட் ஊழியரான அமீனா வர மாட்டார் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. தாமதத்தை மன்னித்து, மேல்முறையீட்டை விசாரிக்கலாம் என்று கோர்ட் முடிவு செய்யும் வரை, தீர்ப்பை நிறைவேற்றத் தடை உத்தரவு கொடுக்கக் கூடாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டமே சொல்கிறது. 41-வது ஆணையில் 3ஏ விதி, உங்கள் வக்கீலுக்குத் தெரியும். அதுவரை உங்கள் அப்பீலுக்கு எண்ணே கிடையாது, தாமத மனுவுக்கு மட்டும்தான் எண்.

அப்படியானால் என்ன செய்வது? நிறைவேற்று மனுவில் வாய்தா தவறாமல் ஆஜராகி எதிருரை போடுங்கள். நோட்டீஸ் வாங்கிவிட்டுப் போகாமல் இருந்தால் ஒருதலைப்பட்சமாக உத்தரவாகும், ஒப்படைப்பு வாரண்டு அடுத்த படி. சப் கோர்ட்டில் தாமத மனு நிலுவையில் இருக்கிறது என்று எண்ணோடு அங்கே தெரிவியுங்கள். சப் கோர்ட்டில் அவசர மனு கொடுத்து, எதிர்மனுதாரருக்கு நோட்டீசைத் தனியாகவும் அனுப்பி, சீக்கிரம் விசாரணைக்கு எடுக்கக் கேளுங்கள். அங்கே இழுத்தால், குறிப்பிட்ட காலத்துக்குள் தாமத மனுவை முடிக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தை அணுகலாம். மன்னார்குடி திருவாரூர் மாவட்டம் என்பதால் உங்களுக்கு அது சென்னை. தஞ்சாவூர் மாவட்டமாக இருந்தால் மதுரைக் கிளை. ஒரே காவிரித் தண்ணீர் குடிக்கிறோம், திருவாரூர்க்காரர் மெட்ராஸ் ரயில் ஏற வேண்டும்.

எவ்வளவு பார்த்தும் நிலம் கைமாறிவிட்டால் அதோடு எல்லாம் போயிற்று என்று நினைக்காதீர்கள். மேல்முறையீட்டில் ஜெயித்தால் 144-வது பிரிவின்கீழ் நிலத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் போனதைத் திரும்ப வாங்குவது போகாமல் பார்ப்பதைவிடப் பத்து மடங்கு வேலை. வயலில் இப்போது தாளடி நிற்கும் என்று நினைக்கிறேன். அறுப்பை முறையாக முடியுங்கள். அறுத்த நெல்லுக்கான கொள்முதல் ரசீதைப் பத்திரமாக வையுங்கள், அனுபவத்துக்குச் சாட்சி. வரப்பில் பங்காளியோடு வாய்த்தகராறு வேண்டாம். ஒரு போலீஸ் புகார் வந்தால் அதையும் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குத்தான் வருவார்.

மனு அனுமதியானாலும் பெரும்பாலும் ஒரு செலவுத்தொகையை எதிர்த்தரப்புக்குக் கட்டச் சொல்வார்கள். அநியாயம் என்று தோன்றும். அவர் பக்கமிருந்து பார்த்தால் ஜெயித்த மனிதர் 444 நாள் நிம்மதியாக இருந்துவிட்டு மறுபடி கோர்ட்டுக்கு வருகிறார். உத்தரவில் ஒரு தேதி இருக்கும். அந்தத் தேதிக்குள் கட்டாவிட்டால் மனு தானாகவே தள்ளுபடி. சில ஆயிரம் ரூபாயை ஒரு நாள் தாமதமாகக் கொண்டுவந்து, ஜெயித்த மனுவைத் தோற்றவர்களையும் பார்த்திருக்கிறேன். தாமத மனுவிலேயே தாமதம்! பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு உத்தரவுக்குப் போங்கள்.

வக்கீல் ஃபீசுக்குச் சிரமம் என்றால், அப்பாவுக்கு மாற்றுத்திறனாளி சான்று வாங்கியிருந்தால் அவர் இலவச சட்ட உதவிக்குத் தகுதியானவர். வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுக்கலாம், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். வக்கீல் யாரானாலும் இந்தத் தடவை தாக்கல் செய்த அன்றே தாக்கல் எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எண் ஆனதும் இ-கோர்ட்ஸ் செயலியில் நீங்களே வாரம் ஒரு முறை பாருங்கள். சிங்கப்பூரிலிருந்து அண்ணனும் பார்க்கலாம்.

கடைசியாக, அப்பாவிடம் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லாமல் முடியாது அம்மா. அவர் ரேகை வைக்கும் பத்திரத்தில் அதுதான் எழுதியிருக்கும், அதைப் படித்துக் காட்டித்தான் ரேகை வாங்க வேண்டும். வக்கீல் வீட்டுக்கு வந்து படித்து, அவர் அப்படித் தெரிந்துகொள்வதைவிட நீங்கள் முந்திச் சொல்வது நல்லது.

இன்னொன்றும் இருக்கிறது. நவம்பர் முதல் மார்ச் வரைக்குமான ஓட்டையை அடைக்க அவர் ஒருவரால்தான் முடியும். செலவுக் கணக்கு எழுதும் பழக்கம் உள்ளவர் என்கிறீர்கள். அந்த 2023, 2024 நோட்டை எடுங்கள். உரம், ஆள் கூலி, டீசல் என்று ஓடும் வரிகளுக்கு நடுவில் "வக்கீல் ஆபீஸ், பஸ், டீ" என்று எங்காவது இருக்கும். அந்த வரிகளும் தேதிகளும்தான் உங்கள் மெடிக்கல் சர்டிபிகேட். கோர்ட்டுக்காக எழுதியதில்லை என்பது பார்த்தாலே தெரியும். நோட்டைத் திருத்தவோ, விட்டுப்போனதை இப்போது சேர்க்கவோ வேண்டாம். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டி, அன்றைக்கு வக்கீல் என்ன சொன்னார் என்று கேளுங்கள். பேச்சு குழறினால் தலையசைக்கட்டும். அவர் சொல்வதை ஒரு தாளில் தேதி போட்டு எழுதிக்கொண்டு, அந்தத் தாளோடும் நோட்டோடும் திங்கள்கிழமைக்கு முன்னால் வக்கீலைப் போய்ப் பாருங்கள்.